வீட்டுச் செலவு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வங்கியில் இருந்தவர்கள்: நான், இவர், கடன் பிரிவு அம்மாள், அவர் பக்கத்தில் வாயே திறக்காமல் தட்டச்சு செய்த ஒரு பெண், என் கைப்பைக்குள் சாமி படம். எங்கள் பக்கத்தில் தைரியமாக இருந்தது சாமி மட்டும்தான்.

நாம் இரண்டு குடும்பமாகக் குடியிருந்த இந்த வீட்டை வீட்டுக்காரர் விற்கிறார். "வெளி ஆளுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கறேன். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க" என்றார். வாங்காவிட்டால் காலி செய்ய வேண்டும். இவருடைய சோபா தைக்கும் பட்டறையை எங்கே தூக்கிக்கொண்டு போவது? அதனால்தான் வீட்டுக் கடன் கேட்டுப் போனோம்.

மாதச் சம்பளக்காரர்கள் சம்பளச் சீட்டை நீட்டினால் போதுமாம். சொந்தத் தொழில்காரனை, அதுவும் பிழைக்க வந்தவனை, புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். அந்த அம்மாள் என் கணக்கு நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்றார். "இவர் துணி வெட்டுற மேஜையில" என்றேன். சிரித்தார். அதோடு சிரிப்பு முடிந்தது. ஐந்து வருடத்துக்கு முன் இவர் கிரெடிட் கார்டுக்குத் சில மாதம் தவணை கட்டாமல் விட்டிருந்தோம், முழுக்க அடைத்த பிறகும் அது கணினியில் கறையாக நிற்கிறதாம். ஏன் விட்டோம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

உங்களிடம் கேட்பது வேறு. அப்போது வாடகை ஒப்பந்தம் உங்கள் பேரில் இருந்தது. எங்கள் பாதியைத் தவறாமல் தந்தோம் என்று ஒரு கடிதம் வேண்டும்.

உங்கள் மாடி அறையில் இப்போது பஞ்சு மூட்டைகள். ஜன்னலோரம் மட்டும் எதையும் வைக்கவில்லை. காலையில் வெயில் வந்து நீங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. காது மந்தமான உங்களிடம் ஃபோனில் கத்தினால் நீங்கள் இப்போது இருக்கும் உங்கள் மகனின் குடியிருப்பு முழுக்க நம் கடன் விவரம் தெரிந்துவிடும். அதனால் கடிதம்.

அன்புத் தங்கை

மார்ச் 9

என் கணக்குப்பிள்ளைக்கு ஆசிகள்.

வாடகைக் கடிதம் இதனுடன் இருக்கிறது. "தவறாமல்" என்பதோடு "சில மாதம் எனக்கு முன்பாகவே" என்றும் சேர்த்திருக்கிறேன். உண்மைதானே.

நான் சௌக்கியம். பேத்திக்குப் பரீட்சை, அதனால் என் கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. காற்றோட்டமாக இருக்கிறது. டிவி அணையும்வரை நானும் விழித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வீட்டை நினைக்காத நாள் இல்லை. ஒரே அடுப்படி, ஒரே கணக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ செலவை வாசிப்பாய், நான் விரல் விட்டுக் கூட்டுவேன். கீழே தம்பியின் மெஷின் கடகடவென்று ஓடும். "ராத்திரியாவது அதுக்கு ஓய்வு குடுப்பா" என்று உங்கள் அத்தான் கத்துவார்.

அதனால்தான் கேட்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் என்றால் உங்கள் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம். அப்போது தம்பிக்கு வேலை குவிந்து கிடந்ததே. தவணை ஏன் தவறியது?

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வாடகைக் கடிதம் கிடைத்தது. நன்றி. காற்றோட்டம் அதிகம் வேண்டாம், உங்களுக்குச் சளி பிடிக்கும். பேத்தியின் பரீட்சை எப்போது முடிகிறது?

பழசைக் கிளறாதீர்கள். "தொழில் மந்தம்" என்று இவர் காரணம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். என்னால் போட முடியவில்லை. காலையில் விளக்கேற்றுகிற கையால் பொய்க்குக் கீழே எப்படிப் போடுவது? "அப்ப உண்மையை எழுதுங்க" என்றேன். "அது அக்கா காதுக்குப் போகும்" என்றார். "அவங்களுக்குத்தான் காது கேக்காதே" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தாள் இன்னும் மேஜைமேல் கிடக்கிறது. மாதக் கடைசி நெருங்குகிறது. நேற்று யாரோ இருவர் வந்து வாசலில் நின்றபடியே வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தி உங்கள் ஜன்னலைக் கைகாட்டினாள். நான் மாடிக்குப் போய் அதைச் சாத்திவிட்டு வந்தேன்.

அன்புத் தங்கை

மார்ச் 18

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதில் அதிலேயே இருக்கிறது.

ஆபரேஷன் பணத்தை ஆஸ்பத்திரியே தள்ளுபடி செய்துவிட்டது என்று தம்பி வந்து சொன்னான். அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைப் போல முட்டாள் உண்டா?

நீங்கள் தவணைப் பணத்தை அங்கே கட்டியதற்காக எனக்குக் கோபம் இல்லை. அவர் அதன்பிறகு இரண்டு வருடம் நடமாடினார், சிரித்தார், சண்டை போட்டார். அந்த இரண்டு வருடத்துக்கு விலையே கிடையாது. ஆனால் ஒரு ரொட்டி வாங்கினால்கூட எனக்கு வாசித்துக் காட்டியவள் நீ. ஒரே கணக்கு, ஒரே வீடு என்றோமே, இதை மட்டும் ஏன் வாசிக்கவில்லை? அந்த வீட்டில் பாதி நான் என்று நினைத்திருந்தேன். என்னை விருந்தாளி ஆக்கிவிட்டீர்கள்.

வங்கிக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம். இனி எனக்கு எழுத வேண்டியது ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் வாடகைக்காரி

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றால் நான் கேட்கிற ஆளா?

உங்கள் கடிதத்தை இவர் படித்தார். பட்டறைக்குப் போனார். மெஷின் ஓடிற்று. எட்டிப் பார்த்தால் ஊசிக்குக் கீழே துணியே இல்லை. பிறகு எழுந்து முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

வங்கி அம்மாள் நீங்கள் எழுதியதைப் பொறுமையாகப் படித்தார். "அப்ப அவங்க உங்களுக்குப் பணம் தரணுமா? இது கடனா, அன்பளிப்பா?" என்றார்.

"ரெண்டும் இல்லம்மா. வீட்டுச் செலவு" என்றார் இவர்.

"அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"அக்கா."

"யாருக்கு அக்கா?"

"எனக்கு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அந்த அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். வாயே திறக்காத பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள். வெளியே வந்ததும் இவர், "அண்ணனும் தங்கச்சியும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு நெனச்சிருப்பா" என்றார். இந்த மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

கடன் கிடைத்துவிட்டது அக்கா. பழைய கறைக்காக வட்டி கொஞ்சம் கூடத்தான். கட்டிவிடலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இதை மட்டும் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டீர்கள். வாசித்தால் நீங்கள் கூட்டுவீர்கள், கூட்டினால் அத்தானுக்குச் சாப்பாடு இறங்காது என்று அப்போது தோன்றிற்று. நாங்கள் செய்தது உங்களுக்கு வலிக்கும் என்று தோன்றவில்லை.

வங்கி தந்த கடைசித் தாளில் ஒரு கேள்வி: இந்த வீட்டில் குடியிருக்கப் போகும் பெரியவர்கள் யார் யார்? இவர் பெயர், என் பெயர் எழுதியாயிற்று. மூன்றாவது வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். பஞ்சு மூட்டைகளை இவர் நேற்றே கீழே இறக்கிவிட்டார். மெஷின் ராத்திரியில் ஓடாது என்று சாமி படத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வருகிறீர்களா, இல்லையா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் கணக்குப்பிள்ளை