குழாய் இல்லாத கழிப்பறை

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நாம் விளையாடிய பூங்காவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. சுற்றிலும் இரும்பு வேலி, டிக்கெட் அறை, புதுக் கழிப்பறை. மேற்பார்வை அப்பாதான். பலூன்காரரை மட்டும் அவரால் வெளியேற்ற முடியவில்லை.

"வேலி நேத்து வந்தது சார், நான் இருபது வருஷமா இருக்கேன்" என்று அவர் இன்று மாலை சிரித்தார். அப்பா அவரைக் கழிப்பறைக்குள் இழுத்துப்போய்க் கம்பியால் அடித்தார். காபி கொண்டுபோன நான் வாசலில் நின்றேன். தலை சுவரில் மோதிய சத்தம் இன்னும் கேட்கிறது.

"வீட்லேருந்து ரெண்டு வாளி தண்ணி கொண்டா" என்றார் அப்பா. கொண்டுபோய்த் தரையில் ஊற்றினேன்.

ஈரத்தில் வழுக்கி விழுந்தார் என்று போலீசிடம் சொல்லிவிட்டார். அங்கே இன்னும் குழாயே போடவில்லை என்பதைப் போலீஸ் கவனிக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"பைப்பே இல்லாத இடத்துல ஈரம் எப்படி வந்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் பொண்ணு கழுவிவிட்டா, சார்."

நாளை மாலை என்னை ஸ்டேஷனில் விசாரிப்பார்கள். "தலையாட்டினா போதும், கண்ணு" என்று அப்பா என் கழுத்தைப் பிடித்துச் சொன்னார். விரல் தடம் இருக்கிறது.

உன் கை உடைந்தபோது மாடிப்படியில் விழுந்தாய் என்று அம்மா டாக்டரிடம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்கு உன்னிடம் மன்னிப்பே கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பலூன்காரர் இன்னும் கண் திறக்கவில்லை. நாளை நான் தலையாட்ட மாட்டேன். அப்புறம் இந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது.

உன் விடுதிக்குப் பால் ஊற்றுகிறவரிடம் விடிந்ததும் இதைக் கொடுப்பேன். நாலு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் வந்து நில், அக்கா. என் பள்ளிப்பையில் இரண்டு பாவாடை இருக்கும்.

உன் வாலு