மூழ்காத முஜினாமோ

குளிரில் தனியே தவிக்கும் என்னவருக்கு,

மொரியோகாவிலிருந்து நீங்கள் அனுப்பிய புத்தாண்டு அட்டை வந்தது. அதிலிருக்கும் புகைப்படத்தில் ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில், நம் தொட்டியிலிருந்து அக்டோபரில் நீங்கள் எடுத்துப்போன முஜினாமோ நீர்ச்செடி, பூச்சி பிடிக்க இலைகளை விரித்துக்கொண்டு மிதக்கிறது. கீழே 'என் அறை, டிசம்பர் 20' என்று உங்கள் கையெழுத்து.

பக்கத்து வீட்டுக் கிசாகோ அக்காவிடம் காட்டினேன். "அடேயப்பா, இந்தக் குளிர்லயும் என்ன பச்சை! உன் வீட்டுக்காரருக்கு நல்ல கைராசிடி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே தொட்டியில் எதுவும் மிதக்கவில்லை. நவம்பரிலேயே நுனியைச் சின்ன மொட்டாக இறுக மூடிக்கொண்டு, பழைய தண்டை உதறிவிட்டு, அடிச்சேற்றுக்குப் போய்விட்டது. குளிர் பட்டால் அது அப்படித்தான் தூங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

சென்ற வாரம் போனில் என்ன சொன்னீர்கள்? "கம்பெனிக் குடியிருப்புல ஹீட்டர் கெட்டு ரெண்டு மாசமாச்சு. ரூமுக்குள்ள தண்ணியே உறையுது. நீ இங்க வந்து கஷ்டப்படாத."

நான் வரவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. குளிர்காலத்தில் தூங்காத செடி வசந்தம்வரை தாங்காது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். இங்கே இருப்பது ஏப்ரலில் தானாக மேலே வரும். அதில் கொஞ்சம் அனுப்பிவைக்கிறேன்.

அந்த ஜன்னல் இருக்கும் வீட்டின் விலாசத்தை எழுதுங்கள். கம்பெனிக் குடியிருப்பின் விலாசம் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

தொட்டிக்குக் காவலிருக்கும்,
உங்கள் மனைவி