மேடையில் கவிழ்ந்த பூட்ஸ்

அன்புள்ள ரூபர்ட்டுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, நியூசிலாந்தில் நீயும் ஐலீனும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். குழந்தைக்கு நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் பெரிதாக இருந்தால் பிரித்துவிடாதே, அடுத்த குளிருக்கு ஆகும்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் பக்கத்து வீட்டு டோர்கஸ் என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடலுக்குள் நீளும் நம் ஊர் மரப்பாலத்தின் கோடியில் இருக்கிறதே நாடகக் கொட்டகை, அங்கேதான். உன் அப்பா திரும்பத் திரும்பப் படிப்பாரே அந்தத் துப்பறியும் நாவல், அதை நாடகமாக்கியிருக்கிறார்கள். இடைவேளையில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு டோர்கஸ், "அந்த டாக்டர்தான்டி கொன்னான், எங்க பல் டாக்டரும் இப்படித்தான் இளிப்பான்" என்று பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு துப்பறிகிறவர் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து கவிழ்த்தார். ஈர மணல் கொட்டியது. "வீட்டை விட்டே கெளம்பலைன்னீங்களே தம்பி, அப்புறம் இது எப்படி நனைஞ்சுது?" என்று அந்த வீட்டுப் பையனிடம் மெதுவாகக் கேட்டார். பலகைக்குக் கீழே நிஜக் கடல் மோதிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது. உன் அப்பாவின் படகு ஆளில்லாமல் கரை ஒதுங்கிய காலையில், மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் நீ எல்லோரிடமும் சொன்னாய். உன் பூட்ஸ் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நனைந்து கிடந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. கேட்டால் நீயும் போய்விடுவாயோ என்று பயம். நான் கேட்காமல் இருந்தும் நீ போய்விட்டாய்.

நீ அவருக்குக் கெடுதல் செய்திருப்பாய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கூடப் போயிருப்பாய், காப்பாற்ற முடிந்திருக்காது, சொல்ல வாய் வந்திருக்காது. ஆனால் இந்த வீட்டில் ஒரு கதவு அசைந்தாலும் அவர் ஏதோ சொல்ல வந்து நிற்கிறார் என்றே தோன்றுகிறது. கடைசியாக அவர் என்ன சொன்னார் ரூபர்ட்? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

திரை விழுந்ததும் வழக்கம்போல ஒரு நடிகர் முன்னால் வந்து, கொலைகாரன் யாரென்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மீன்கடைக்காரர் எவ்வளவோ துருவினார், "டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்க" என்றுவிட்டேன். நீ எழுதுவதும் என்னோடுதான் இருக்கும்.

கடவுள் உங்கள் மூவரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். மழையில் குழந்தையை வெளியே கொண்டுபோகாதே. பதிலைக் கப்பல் தபாலில் போடாதே, அத்தனை நாள் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

உன் அம்மா,
ஹெஸ்டர்