மேல்மாடியில் ஓர் இடம்

2012 தை (ஜனவரி) 16, திங்கள்

ஜனினுக்கு மேல்மாடியில் இடம் கிடைத்துவிட்டது. நான் நேரே போய்க் கேட்டதால் கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை.

வாவிக்கரையில் முந்தி நெல் ஸ்டோராக இருந்த கட்டடம். சண்டை முடிந்த பிறகு அதைத் தையல் பக்டரி, காமென்ட், ஆக்கினார்கள். போன வருசம் அதற்கு மேல் இன்னொரு தட்டு எழும்பியது. பேத்தியை அங்கே அனுப்ப எனக்கு விருப்பமே இல்லை. பதினெட்டு வயதில் உழைக்கத்தான் போவேன் என்று நிற்கிறாள். சரி, போ. ஆனால் கீழே இருந்து தைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே சூப்பவைசர் எங்கட றொவீனா. ஒரே சேர்ச்தான். "அன்ரி, எல்லாத் தாய்மாரும் மேலதான் கேக்கிறாங்க. எல்லாரையும் நான் எங்க ஏத்துறது?" என்றாள். சுனாமியில் கடல் வந்த அன்று, டச்பார் கடற்கரையில் எங்கட வீட்டு முற்றத்தில் நின்ற என் மகள், ஜனினின் தாய், போனாள். பக்கத்து மாடிவீட்டுக்கு யாரோ தூக்கிக்கொண்டு ஓடிய ஜனின் இருக்கிறாள். அதைச் சொன்னேன். றொவீனா கொப்பியை எடுத்து ஜனினின் பெயரை மேல்மாடியில் எழுதினாள்.

தை 22, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கண்ட ஆட்களுக்கெல்லாம் சொன்னேன், பேத்தி மேல்மாடியில் என்று. பெருமைதான். இருக்கட்டும்.

மாசி 9, வியாழன்

வேலையால் வந்து சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். "அம்மம்மா, எல்லா மெசினும் ஒண்டா ஓடினா மேசையில தண்ணிப் போத்தல் தானா நடக்குது. என்ர போத்தலும் ஹிதாயாட போத்தலும் ரேஸ் விட்டம். அவள்ட போத்தல் வெண்டிட்டு."

ஹிதாயா பக்கத்து மெசின். காத்தான்குடிப் பிள்ளை. தகப்பன் இல்லை.

கொங்கிறீட் தளம் நடுங்குமா? இதை யாரிடம் கேட்பது?

மாசி 12, ஞாயிறு

தம்பி பேர்டி மத்தியானம் சாப்பிட வந்தான். அந்த மேல்தட்டுக் கொங்கிறீட்டுக்குப் பலகை அடித்தது அவன்தான். அதனால் கேட்டேன்.

"அக்கா, அது ஒரு தட்டுக்குப் போட்ட அத்திவாரம். அதுவும் வாவிக்கரைக் கண்டல் காட்ட வெட்டி மண் நிரப்பின இடம்."

"மாநகர சபையில கேட்டுத்தானே கட்டினீங்க?"

"சபையா? லீவு நாள் பார்த்துத்தானே கொங்கிறீட் போட்டம்!" சிரிக்கிறான்.

"உன்ர பேத்தி அங்க மேல இருக்கிறாளடா!"

"ஏத்தினது ஆரு? நானா?" என்று சொல்லிக்கொண்டு கோழிக்காலைக் கடிக்கிறான்.

சாப்பாட்டுக் கோப்பையை அவன் கையால் பறித்து எடுத்துவிட்டேன். அவன் பசியோடுதான் போனான். போகட்டும்.

மாசி 14, செவ்வாய்

றொவீனாவிடம் போனேன். ஜனினைக் கீழே இறக்கச் சொன்னேன். "அன்ரி, போன மாசம் மேல ஏத்தச் சொல்லி அழுதீங்க. இப்ப இறக்கச் சொல்லி அழுறீங்க" என்கிறாள். நான் எங்கே அழுதேன்? அழுவேனா நான், அவளுக்கு முன்னால்?

பேர்டி சொன்னதைச் சொன்னதும் கதவைச் சாத்தினாள். "மெதுவாக் கதைங்க. இது பிள்ளையளுக்குக் கேட்டா வேலை நிண்டிடும். கீழ இடம் இல்ல. பயமெண்டா நிப்பாட்டுங்க." அவளுடைய கதிரையும் மேலேதான். அவளுக்கும் பயம், முகத்தில் தெரிகிறது. ஆனால் சொல்லமாட்டாள்.

மாசி 15, புதன்

வீட்டில் பெரிய சண்டை. "கடலுக்குப் பயந்து மேல ஏறு எண்டீங்க. இப்ப கட்டடத்துக்குப் பயந்து கீழ இறங்கு எண்டுறீங்க. நான் எங்கதான் நிக்கிற? அந்தரத்திலயா? விழுந்தா கீழ இருக்கிற ஆக்கள்ட தலையிலதானே விழும், மேல இருக்கிறதுதான் நல்லம்!"

பகிடியா இது? வேலையை விடமாட்டாளாம். என்னைப் போலப் பிடிவாதம்.

பங்குனி 3, சனி

பின்படிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாச்சாம். உடுப்புக் களவு போகுதாம். இனி மேலே போக, வர ஒரு படிதான்.

பங்குனி 19, திங்கள்

நடுத்தூணில் வெடிப்பு. சீமெந்து பூசி, பெயின்ற் அடித்து, அதற்கு மேல் மாதா படம், பிள்ளையார் படம், பிறைக் கலண்டர் மூன்றையும் மாட்டியிருக்கிறார்களாம். கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலையை முதலாளி மூன்று சமயத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

சித்திரை 8, உயிர்த்த ஞாயிறு

வருசத்துக்கு முதல் ஓடர் முடிக்க வேணுமாம். இன்றைக்கும் போய்விட்டாள். பூசையில் பக்கத்து இடம் வெறுமை.

சித்திரை 11, புதன்

இப்பவே எழுதிவைக்க வேணும். எழுத்துக் கோணினாலும் பரவாயில்ல.

மத்தியானம் குசினியில நிண்டன். காலுக்குக் கீழ ஒரு அசைவு. மறுகா றோட்டெல்லாம் சத்தம் — கடல் வருது, கடல் வருது எண்டு. சனம் பிள்ளையளத் தூக்கிக்கொண்டு ஓடுது. நான் காமென்டுக்கு ஓடினன். செருப்பும் இல்ல.

கேற் பூட்டு. "பயப்படாதீங்கம்மா, எல்லாரையும் மேல ஏத்தியாச்சு" எண்டான் செக்குரிட்டி. எல்லாரையும்! கீழ தைக்கிற ஆக்கள், துணி வெட்டுற ஆக்கள், தேத்தண்ணி ஊத்துற ஆள் எல்லாரையும் அந்தத் தட்டில. யன்னலெல்லாம் முகம்.

"ஜனின்! இறங்கு! எல்லாரும் இறங்குங்க!"

"கிழவிக்கு விசர் கா! கடல் வருது, நீங்க ஏறி வாங்க!" மேலால ஆரோ ஒருத்தி.

ஆரு இறங்குவா? நானெண்டா இறங்குவனா? ஏழு வருசமா மேல ஏறு, மேல ஏறு எண்டு சொல்லி வளத்தது நான்தானே. கடல் மெய்யா வந்தா? கூப்பிட்டுக் கொல்லுறனா என்ர பிள்ளைய? ஆண்டவரே, எனக்கு ஒண்டும் தெரியல்ல. ஆனாக் கத்தினன். தொண்டை கிழியக் கத்தினன்.

ஜனின் இறங்கி வந்தாள். ஹிதாயாவையும் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு. வேற ஒருத்தரும் வரல்ல. செக்குரிட்டி ஏசி ஏசிக் கேற்றைத் திறந்தான். இந்த ஊரில எந்தப் பக்கம் ஓடினாலும் தண்ணிதான். மூண்டு பேரும் சேர்ச் முற்றத்தில போய் நிண்டம். நிண்டுகொண்டே இருந்தம்.

பொழுதுபடத்தான் பயமில்ல எண்டு றேடியோ சொன்னது. கடல் வரல்ல. கட்டடமும் விழல்ல.

சித்திரை 12, வியாழன்

ஊரெல்லாம் என்னைச் சொல்லிச் சிரிப்பு. ஹிதாயாவின் உம்மா ஸகியா பஸ் பிடித்து வந்து ஏசினாள். "மாடியில நிண்ட எண்ட புள்ளய நிலத்துக்கு இறக்கினீங்களாமே! கடல் வந்திருந்தா அந்த உசிருக்கு ஆரு பதில் சொல்லுற?"

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போனாள்.

அவள் போன பிறகு ஜனின் சொல்கிறாள்: "நீங்க கத்தினதால நான் இறங்கல்ல அம்மம்மா. எல்லாரும் வந்து ஏறினாப்போல நடுவில நிலம் கீழ போனது. காலுக்கு விளங்கினது."

என் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஜெபமாலை சொன்னேன்.

சித்திரை 19, வியாழன்

வருச லீவு முடிந்து இன்றைக்கு மறுபடி திறந்தார்கள். மேல்மாடிக் கதவு சாத்துப்படவில்லையாம், நிலை சரிந்து போயிற்றாம். அதைக் கண்டு ஒரு பிள்ளையும் மேலே ஏறாமல் படியில் இருந்துவிட்டார்கள். என்னை விசர் என்றவளும்தான். முதலாளி மெசின் எல்லாவற்றையும் கீழே இறக்கி, நெருக்கி நெருக்கிப் போட்டார். மேலே என்ன வைத்தார்? துணிப் பொதி. மெசினையும் ஆளையும் விடப் பாரம். அதற்குக் கீழே எல்லாப் பிள்ளைகளும்.

ஜனின் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். இனிப் போகமாட்டாள். ஹிதாயா போவாளாம், அவள் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

எனக்கு இனி என்ன கவலை? நிம்மதியாக இருக்கலாம்.

சித்திரை 25, புதன்

நிம்மதி இல்லை. ஹிதாயாவின் போத்தல்தான் நினைவில் நடக்கிறது.

வைகாசி 3, வியாழன்

ஸகியா மறுபடி வந்தாள். இந்த முறை தண்ணீர் குடித்தாள். "ஜனின்ட அம்மம்மா, நீங்க எழுத வாசிக்கத் தெரிஞ்ச ஆள். சபைக்கு என்னோட வாறீங்களா?"

போனோம். வாங்கில் காத்திருந்து காத்திருந்து உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட பொடியன் ஒருத்தன் கேட்கிறான்: "உங்கட பேத்தி இப்ப அங்க இல்லத்தானே? பிறகென்ன உங்களுக்கு?"

"பேத்தி வீட்ட இருந்தா அந்தத் துணிப் பொதி பாரம் குறைஞ்சிடுமா தம்பி?" என்று கேட்டேன்.

கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தான். "அம்மா படிச்ச ஆள் போல."

எத்தனையாம் வகுப்பு என்று நான் சொல்லவில்லை.

"அனுமதி இல்லாமக் கட்டினதுக்குச் சாட்சி ஆரு?" என்றான். ஸகியா என்னைப் பார்த்தாள். நான் பேர்டியின் பெயரையும் விலாசத்தையும் சொன்னேன். பலகை அடித்தது என் கூடப்பிறந்த தம்பி, அவனைக் கேளுங்கள் என்று.

வைகாசி 13, ஞாயிறு

சேர்ச்சில் பேர்டி என்னைக் கண்டும் காணாததுபோல் போனான். றொவீனாவும்.

வைகாசி 21, திங்கள்

சபையால் ஆட்கள் வந்து மேலே போகிற படியை மறித்துவிட்டார்களாம். பொதி இறக்க மட்டும் திறக்கலாமாம், எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்களாம். வேலை முடிந்து வந்த ஹிதாயா வாசலில் நின்று சொன்னாள். வீட்டுக்குப் போக அவசரம் அவளுக்கு.

"இறக்கியாச்சா புள்ள?" என்று கேட்டேன்.

"பாதி" என்றாள்.

நாளைக்குக் காலையில் ஸகியாவோடு சபைக்குப் போகவேணும். வெள்ளைச் சட்டையை ஜனின் ஸ்திரிக்கை போட்டு வைத்திருக்கிறாள்.