பாஸ் இல்லாமல் வந்த பன்றி

நேற்றுப் பின்னேரம் உன் அண்ணை என் வீட்டுக்கு வந்தார். கனடாவுக்குப் போன பிறகு புத்தூருக்கு வருவது இதுதான் முதல் தடவை. என் மனைவி தேத்தண்ணீரோடு ஒரு தட்டில், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் கொண்டுவந்து வைத்தாள். அண்ணை ஒன்றை எடுத்தார். நன்றாக வளைந்து, நுனி கூராகக் காய்ந்த துண்டு. வாய்வரை கொண்டுபோனவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டில் திரும்ப வைத்துவிட்டார். அவருக்கும் மறக்கவில்லை என்று எனக்கு அப்போதே விளங்கியது. இருந்தும் கேட்க வந்ததைக் கேட்டார். அதனால்தான் இன்று உனக்கு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் வயது என்று நினைக்காதே. கோபம்.

உன் நினைவாக ஒரு கல்வெட்டுப் புத்தகம் அடிக்கப்போகிறார்களாம். நீ செத்தபோது ஊரில் பத்திரிகை அடிக்கவே கடதாசி இல்லை, முப்பத்தோராம் நாளுக்குப் புத்தகம் அடிக்க எங்கே போவது? அந்தக் குறை இப்போதுதான் அண்ணையின் நெஞ்சில் குத்துகிறது.

"நீதான் அவனோடை கூடித் திரிஞ்சனி. ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தா தம்பி," என்றார். "அவன்ரை குணம், கோயில் வேலை, சங்கக்கடையிலை சனத்துக்கு உதவினது, உதுகளை எழுது."

"எப்பிடிச் செத்தவன் எண்டு எழுதவோ?"

"தோட்டத்திலை நிண்டவன் எண்டு எழுது. அது காணும். பண்டிக் கதை வேண்டாம். பேரப்பிள்ளையள் வாசிப்பினம்."

பன்றிக் கதை வேண்டாமாம். அதை விட்டால் உன்னைப் பற்றி எழுத என்ன மிச்சம் இருக்கிறது, சொல்லு பார்ப்போம். கோயில் வேலை! தேர் இழுக்கிற நாளில் மோதகம் எங்கே கொடுக்கிறார்கள் என்று பார்த்து நிற்பாய், அவ்வளவுதான் உன் கோயில் வேலை.

அந்தக் காலத்தில் கலியாண வீட்டு வீடியோ எடுப்பதுதான் என் தொழில். கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, கலியாணம் மட்டும் நின்றபாடில்லை. நீ சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் வாடகை ரிவியில், ஜெனரேற்றர் இரைச்சலுக்குள், ஊர் கூடி ஒரு வெளிநாட்டுப் பேய்ப்படம் பார்த்தது. பேய் வருகிற இடமெல்லாம் சனம் கொட்டாவி விட்டது. தலைக்கு மேலே பொம்பர் விமானம் சுற்றுகிற ஊரில் பேய்க்கு யார் பயப்படுவார்கள்? நீ என் பக்கம் திரும்பினாய். "மச்சான், எங்கடை சனத்துக்கு இனிப் பயங்காட்டேலாது. பயத்தைக் காட்டிச் சிரிக்க வைக்கலாம்," என்றாய். எனக்கு அது விசர்க் கதையாகத்தான் பட்டது.

அடுத்த கிழமையே படக்கதையோடு வந்து நின்றாய். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக எங்களுக்கெல்லாம் இயக்கத்தின் பாஸ் வேண்டும். உன் காட்டுப்பன்றியோ பாஸ் ஒன்றும் இல்லாமல் வன்னியில் இருந்து வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்து வந்துவிடும். வள்ளத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் அதை யாரோ சரசாலை மாமி என்று நினைத்து இடம் விட்டிருப்பார்கள். வந்த பன்றி கலியாணப் பந்தலைத் தின்னும், சங்கக்கடை வரிசையில் இடையில் புகும், ஊர் அதிகாரி விதானையாரை வேலிக்கு மேலால் பாய வைக்கும். படத்துக்குப் பெயரும் நீதான் வைத்தாய்: பாஸ் இல்லாமல் வந்த பன்றி.

பன்றியும் நீயேதான். சாக்கு இரண்டைப் பிரித்துத் தைத்து, அதன் மேல் பனைமரத்துப் பன்னாடையை மயிராகக் கட்டினாய். தலைக்கு ஒரு பழைய பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்துத் துணி சுற்றினாய். கோரைப்பல்லுக்குத்தான் புழுக்கொடியல். வளைவும் நிறமும் அப்படியே பன்றிப் பல்தான். ஆனால் ஒவ்வொரு காட்சி முடியவும் நீ பல்லைப் பிடுங்கித் தின்றுவிடுவாய். "பசிச்சால் பண்டி வேறை என்ன செய்யும்?" என்று என்னையே கேட்பாய். அதனால்தான் அந்தப் படத்தில் பன்றிக்குச் சில இடங்களில் இரண்டு பல், சில இடங்களில் ஒன்று.

பங்கர் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, வந்த கையோடு ஆத்திரமும் வருகிறது. பொம்பர் சத்தம் கேட்டுச் சனம் எல்லாம் விழுந்தடித்துப் பங்கர்க் குழிக்குள் இறங்கும். உள்ளே இருட்டு. விதானையார் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடித்து, "கொஞ்சம் தள்ளி இருங்கோவன்," என்பார். அந்த ஆள் உறுமும். மெல்ல நெருப்புக்குச்சியைத் தட்டிப் பார்த்தால் பன்றி. மேலே பொம்பர், உள்ளே பன்றி, சனம் எந்தப் பக்கம் ஓடும்? விதானையாராக நடித்தவர் யார்? உன் அண்ணை. நெருப்புக்குச்சி வெளிச்சத்தில் உன் மூஞ்சியைக் கண்டதும் அலற வேண்டியவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருப்பி எடுத்தோம், திரும்பவும் சிரித்தார். நெருப்புப்பெட்டி தட்டுப்பாடான காலம், உன் அம்மா வந்து எங்கள் எல்லாரையும் ஏசிவிட்டுப் பெட்டியைப் பறித்துக்கொண்டு போனார். கடைசியில் அந்தச் சிரிப்பையே படத்தில் வைத்தோம்.

மிச்சம் இருந்தது பன்றியை ஊர் துரத்துகிற காட்சி. புகையிலை வெட்டி முடிந்த வெறும் தோட்டம், செம்மண் வெளி, மறைவுக்கு ஒரு மரம் இல்லை. நல்ல வெளிச்சம் வேண்டும் என்று மத்தியானம் வைத்தோம். நீ முன்னால் ஓட, மண்வெட்டி தூக்கிக்கொண்டு அண்ணையும் தோட்டக்காரரும் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மெசின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

ஆமியின் ஹெலி வந்தால் ஓடக்கூடாது. தோட்டத்தில் நிற்கிறவன் குனிந்து கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். கொத்துகிறவனை விட்டுவிடுவார்கள், ஓடுகிறவனைத்தான் சுடுவார்கள். இது புத்தூரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சத்தம் கேட்ட உடனே துரத்திய அத்தனை பேரும் நின்ற இடத்தில் குனிந்து வெறும் மண்ணைக் கொத்தத் தொடங்கினார்கள். கடகத்துக்கும் துணிக்கும் உள்ளே இருந்த உனக்கு ஹெலியும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. "ஓடாதை! ஓடாதையடா!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். கத்துவதும் அந்தக் காட்சியில் உள்ளதுதானே. நாங்கள் கத்தக் கத்த நீ இன்னும் நன்றாக ஓடினாய். ஒத்திகையில் செய்தது போலவே ஒரு முறை நின்று, பின்பக்கத்தை எங்களுக்கு ஆட்டிக் காட்டிவிட்டுத் திரும்பவும் ஓடினாய். அந்த வெளியில் ஓடியது நீ மட்டும்தான்.

ஏனடா அப்படி ஓடினாய்? கலியாண வீட்டுக்காரர் கமெராவைப் பார்த்தால் கட்டை மாதிரி நிற்பார்கள், நீயும் ஒரு நாளைக்கு அப்படி நின்றிருக்கக் கூடாதா? இத்தனை வருடம் கழித்தும் உன்னோடு எனக்குள்ள முதல் கோபம் இதுதான்.

மற்றக் கோபம் பின்னேரம் வந்தது. உருமறைப்பு உடையில் இருந்த ஒரு ஆளைச் சுட்டதாக அரசாங்க ரேடியோவில் சொன்னார்கள். உருமறைப்பாம்! சாக்கும் பன்னாடையும் புழுக்கொடியலும் உருமறைப்பாம்! ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்கவா நீ அதைப் போட்டாய்? ஊர் முழுக்கப் பார்க்க வேண்டும் என்றுதானே போட்டாய். மேலே இருந்தவனுக்கு ஒரு பன்றியைப் பார்த்துச் சிரிக்கத் தெரியவில்லை. அவனை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, முயற்சி செய்யவும் இல்லை.

ஆனால் அண்ணை செய்தது அதைவிடச் சுட்டது. உன்னை வீட்டுக்குக் கொண்டுபோக முன்னம், தோட்டத்து வரம்பிலேயே வேஷத்தைக் கழற்றி நெருப்பு வைத்தார். பன்னாடை சடசடவென்று பிடித்துக்கொண்டது. செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு, தம்பி தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப் போனவன் என்று சொன்னார். சுடலையில் வைத்து நான் வாய் திறந்தேன். "அவன் படத்துக்கு ஓடினவன். பண்டியா ஓடேக்கைதான் செத்தவன். அதைச் சொல்லுங்கோ," என்றேன். பளீரென்று கன்னத்தில் விழுந்தது.

"என்ரை தம்பி பண்டி வேசத்திலை செத்தான் எண்டு சனம் சிரிக்கிறதோ?" என்று அழுதுகொண்டே கேட்டார். அன்று மண்வெட்டியோடு துரத்தியவர்களில் ஒருவரும் எனக்காகக் கதைக்கவில்லை. எல்லாரும் நடித்தவர்கள்.

கசெற்றை என்னிடம் கேட்டார், எரிக்க. நான் கொடுக்கவில்லை. வலிகாமமே இடம்பெயர்ந்து போன அந்த மழையில், சைக்கிளில் உடுப்புப் பைக்குள் சுற்றித் தென்மராட்சிக்குக் கொண்டுபோனேன். மழை பைக்குள்ளும் புகுந்துவிட்டது. பிறகு பூஞ்சணம் பிடித்து நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. யாழ்ப்பாண ரவுனில் ஏறாத வீடியோக் கடை இல்லை. ஒருவராலும் அதை ஓட வைக்க முடியவில்லை. இனி உன்னைப் பன்றியாகக் கண்டவர்கள் சொன்னால்தான் உண்டு. அவர்களிலும் ஊரில் மிஞ்சியிருப்பது நான்தான். அதையும் சொல்ல வேண்டாம் என்று கேட்கத்தான் அண்ணை விமானம் ஏறி வந்திருக்கிறார்.

"எழுதுறதெண்டால் பண்டியை எழுதுவன். இல்லாட்டி எழுதமாட்டன்," என்றேன். அண்ணை எழும்பினார். அவரைச் சும்மா போக விட எனக்கு மனம் வரவில்லை.

"அண்ணை, பங்கருக்குள்ளை சிரிச்சது ஆர்?"

படலைவரை போனவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் வேணுமெண்டு சிரிக்கேல்லை," என்றார். "அவன் மூஞ்சியை அப்பிடிக் கொண்டுவந்து வைச்சான்." சொல்லும்போதே தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. அடக்கிக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

அவர் தொட்டு வைத்த துண்டு இன்னும் தட்டில் கிடக்கிறது. மனைவி எடுக்கப் போனாள், விடச் சொன்னேன். இரண்டு பக்கமெல்லாம் எழுதவில்லை. கல்வெட்டுக்கு ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: "ஊரைச் சிரிக்க வைக்கக் காட்டுப்பன்றியாக ஓடிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டான்." நாளைக் காலையில் நானே கொண்டுபோய் அண்ணையின் கையில் கொடுப்பேன். திரும்பவும் கன்னத்தில் விழுந்தால் விழட்டும். வாசிக்கிற பேரப்பிள்ளைகள் சிரித்தால் நன்றாகச் சிரிக்கட்டும். அதற்குத்தானடா நீ ஓடினாய்.