பரமுவின் முகமும் என் கால்களும்

என் வயிற்றெரிச்சலின் மூலவரே, அன்பு மச்சான் பரமு,

நீ போய் ஒரு வருசமாகிறது. பலெர்மோத் துறைமுகத்துக் கப்பலெல்லாம் உனக்காக ஊதி அழுதன என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் அழுததைவிடப் பொறாமைப்பட்டதே அதிகம். செத்த மனிசனைப் பார்த்து எரிகிற ஒரே பிறவி இந்தச் சிசிலித் தீவில் நான்தான். என் தங்கச்சியைக் கட்டினாய், பொறுத்தேன். முருகனுக்கே முகம் கொடுத்தாயே, அதை எப்படியடா பொறுக்கிறது?

போர்கோ வெக்கியோப் பகுதியில் கும்பிடுவதற்கென்று நாங்கள் வாடகைக்கு எடுத்த பழைய கடையில் அப்போது முருகன் படம் மட்டும்தான். சிலை வேணும் என்று, கபோச் சந்தைக்குப் பின்னால் புனிதர்களின் சிலை செய்கிற கிழவனிடம் என்னையும் இழுத்துப் போனாய். கையில் வேல் இருக்கும் என்றதும் அவன் ஈட்டியோடு நிற்கிற தேவதூதர், மிக்கேல் சம்மனசின் அச்சைத் தூக்கினான். "சிறகை எடுத்தாப் போச்சு. முகம்தான் புதுசா வேணும்" என்று எங்கள் இரண்டு பேரையும் வெளிச்சத்தில் நிறுத்தினான்.

தேவலோகமே மயங்கி விழும்படி சிரித்தேன் நான். கிழவன் களிமண்ணில் பிடித்தது உன் முகத்தை. பிறகு சம்மனசின் கால்களைப் பார்த்தான். சப்பாத்து! எங்கடை சாமி சப்பாத்துப் போடாது என்றாய் நீ. அப்போதுதான் என் பக்கம் திரும்பி, "நீ கழட்டு" என்றான்.

முருகன் வந்து சேர்ந்தார். சுருட்டை முடி, நேர் மூக்கு, மடிப்பு மடிப்பாகச் சால்வை. கண் உன்னது, கால் என்னது. கோயில் சபைத் தலைவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பரமு, இவர் மயிலிலை வந்தவரோ, கப்பலிலை வந்தவரோ?"

"நாங்கள் எதிலை வந்தனாங்கள் அண்ணை?" என்றாய். முதல் தேங்காயை அவரே உடைத்தார்.

இனி இஞ்சத்தைப் புதினம். இந்தியாவிலிருந்து கருங்கல் முருகன் வருகிறார். பழையவரைக் கடலில் விடுவதென்று போன ஞாயிறு சபை கூடியது.

தங்கச்சி மூலையில் இருந்தாள். படம் எடுக்கிற நேரமெல்லாம் கண்ணை மூடுகிற மகராசனல்லவா நீ? கலியாணப் படத்திலும் நல்ல நித்திரை. கண் திறந்த உன் முகம் உலகத்தில் அந்த ஒரு சிலையில்தான் இருக்கிறது. அவள் வெள்ளிக்கிழமைகளில் யாரைப் பார்க்க வருகிறாள் என்பது முருகனுக்கும் தெரியும். அவர் கோபிக்கவில்லை.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தச் சிலையை என்னைவிடக் கூடத் திட்டினவன் யார்?

ஆனால் அதற்கு முதல் கிழமை ஒன்று நடந்திருந்தது. பகேரியாவில் நான் வேலை செய்கிற வீட்டு எசமானி சின்யோராவுக்குச் சிலையின் படத்தைக் காட்டிப் புலம்பினேன். அவ ஒரு பெரிய புத்தகத்தை விரித்தா. காந்தாரத்துப் புத்தர். அதே சுருட்டை முடி, அதே மடிப்புச் சால்வை! அலெக்சாந்தருக்குப் பிறகு கிரேக்கர் அந்தப் பக்கம் தங்கினார்களாம். அந்தக் கலை ஊறி, பிறகு வந்த சிற்பிகள் புத்தருக்குக் கிரேக்கத் தேவன் அப்பொல்லோவின் சாயலைக் கொடுத்தார்களாம். மூக்கைப் பார்த்தேன். உன் மூக்கு! ஈராயிரம் வருசத்துக்கு முன்னமே போய் நின்றுவிட்டாயா, படுபாவி?

அந்த எரிச்சலோடுதான் சபையில் எழும்பினேன். "கிரேக்கச் சாயலிலை வந்த புத்தரைக் காந்தாரத்துச் சனம் கும்பிட்டது. சிசிலிக்காரன் கையாலை வந்த முருகனை நாங்கள் கடலிலை போடுறதோ?"

"ஐசே, நீர்தானே இவ்வளவு நாளும் மிக்கேல், மிக்கேல் எண்டு நக்கலடிச்சனீர்?" என்றார் தலைவர்.

"ஓம். நான் நக்கலடிப்பன். கால் என்ரை. என்ரை காலைக் கடலிலை போட நீங்கள் ஆர்?"

சிரித்துச் சிரித்தே ஒப்புக்கொண்டார்கள். கருங்கல்லார் நடுவில். உன் முகக்காரர் வலப்பக்கம்.

தங்கச்சி நன்றி சொல்வாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். "அண்ணை, அவரின்ரை மூக்கிலை தூசு. துடைச்சு விடுங்கோ" என்றாள். துடைத்தேன்.

அவள் விழுந்து கும்பிடுவது என் காலில். எழும்பிப் பார்ப்பது உன் முகத்தை. எனக்கு எரியாதா, சொல்லு?

எரிந்தாலும் வாக்குத் தாறன் மச்சான். நான் இருக்கும்வரை அந்த மூக்கில் தூசு இராது, அவள் வருகிற வெள்ளிக்கிழமையில் அந்த இடம் வெறுமையாகவும் இராது.

இப்படிக்கு,
இன்றைக்கும் உன்னைத் தன் காலில் நிற்க வைத்திருக்கிற,
உன் பெண்சாதியின் தமையன்