ஆள் நடந்தா எரியுற விளக்கு

செவ்வாய், ராத்திரி.

படகுத் துறையில புதுசா போட்ட விளக்கு, கரண்ட்டு மிச்சம் பண்றதுக்காக, ஆள் நடமாட்டம் இருந்தாதான் எரியுது. ஏரியிலேர்ந்து வர்ற படகுக்கு அதுதான் அடையாளம்னு பொன்னேரி கரண்ட்டு ஆபீசருக்குப் போன் பண்ணேன்.

"இங்க போன்லயே பாக்குறேம்மா. கரையில யாரும் இல்லன்னு காட்டுது. அப்புறம் எதுக்கு எரியணும்?"னு கேக்குறாரு. இன்னா சொல்லிப் புரிய வெக்கிறது. ஏரிக்குள்ள இருக்குற ஆளு அதுல தெரியமாட்டாங்க.

சாயந்திரத்துலேர்ந்து காத்து வேற பலமா அடிக்குது. இறாலுக்குப் போன வீட்டுக்காரரு இன்னும் வரல. விளக்கு அணையக் கூடாதுன்னு நானும் நாத்தனாரும் அதுக்குக் கீழ மாத்தி மாத்தி நடக்குறோம். இப்போ அவ முறை. கால் வலியில நான் வந்து உக்காந்து எழுதுறேன். ஜன்னல்ல வெளிச்சம் தெரியுது.

அணைஞ்சிடுச்சு. அவளும் உக்காந்துட்டா போலக்கீது. நான் போறேன்.